படகில் ஒட்டிய பழைய பெயரை எடுத்த வேலை

கைமாறி வந்த 18 அடி ஃபைபர் படகு. பக்கவாட்டு கருநீலம், மேல்தளம் வெள்ளை. இரண்டு பக்கமும் முந்தைய உரிமையாளர் வைத்த பெயர் கொட்டை எழுத்தில், அதற்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் இரட்டைக் கோடு, பின்பலகையில் இஞ்சின் விற்ற கடையின் விளம்பரம். எல்லாமே வினைல் ஸ்டிக்கர். எழுத்துகள் வெயிலில் வெடித்து ஓரங்கள் சுருண்டிருந்தன. சில இடங்களில் நகம் பட்டாலே உதிர்ந்தது. இஞ்சினில் குறையில்லை, அடிப்பக்கமும் திடமாக இருந்தது. பார்வைக்குத்தான் அநாதைப் படகு. புதுப் பெயர் வைக்கும் ஆசையைவிட, அந்த உதிரும் எழுத்துகளைத் தினமும் பார்க்கச் சகிக்காமல்தான் வேலையில் இறங்கினேன்.

ஸ்டிக்கரில் கை வைப்பதற்கு முன் அது எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஃபைபர் படகை அச்சில் வார்க்கும்போது முதலில் அச்சுக்குள் பூசுவது ஜெல்கோட், அதாவது நிறமி கலந்த பாலியஸ்டர் ரெசின். அது இறுகியபின் அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயும் ரெசினும் அடுக்கடுக்காக ஏறும். அச்சிலிருந்து எடுத்துத் திருப்பினால் ஜெல்கோட் வெளிப்பக்கமாக நிற்கும். பொதுவாக அரை மி.மீ. கனம் இருக்கும். தேய்க்கலாம், மெருகேற்றலாம், சின்னக் கீறலைச் சமன் செய்யலாம். ஆனால் பிற்காலத்தில் யாராவது படகுக்கு இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயின்ட் அடித்திருந்தால் கதை வேறு. அதன் கனம் 0.1 மி.மீ. இருந்தாலே அதிகம், பளபளப்பு முழுவதும் மேல்தோலில்தான். அதைக் காம்பவுண்ட் (நுண்துகள் கலந்த தேய்ப்புக் களிம்பு) போட்டுத் தேய்த்தால் போன பளபளப்பு போனதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஏற்கெனவே சிதைந்த இடம் ஒன்று எந்தப் படகிலும் இருக்கும். என் படகில் கயிறு கட்டும் கொக்கியின் திருகு ஓட்டை. கொக்கியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டையின் விளிம்பில் நீலம், அதற்கு அடுத்து நேராக லேசான பச்சை சாயலில் கண்ணாடி நார். நடுவில் வேறு நிறமே இல்லை, ஆக ஜெல்கோட். நீலத்துக்கு அடியில் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பெயின்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டு ரப்பர் பட்டையின் அடிப்பக்கத்தில் தெறித்த பெயின்ட் புள்ளிகள் இருக்கின்றனவா என்பதும் நல்ல தடயம்.

அடுத்தது பதிவு எண். அதுவும் வினைல்தான், அதுவும் வெளிறித்தான் இருந்தது. ஆனால் புது எண் கையில் வந்து சேரும்வரை அதைத் தொடக் கூடாது. எண் இல்லாத படகைத் தண்ணீரில் இறக்கினால் வம்பு. பின்பலகையில் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் எண்ணையும் சுமைத்திறன் தகட்டையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிவிட்டேன். பதிவு எண்ணின் மேல் ட்ரேசிங் தாள் வைத்து எழுத்தின் உயரம், இடைவெளி, ரப்பர் பட்டையிலிருந்து எவ்வளவு தூரம் எல்லாவற்றையும் பென்சிலில் எடுத்து வைத்தேன். பெயருக்கும் அப்படியே. அது ஏன் என்று பின்னால் வரும்.

அப்புறம் சோப்புத் தண்ணீரில் ஒரு முழுக் கழுவல். ஸ்டிக்கர் ஓரத்தில் சிக்கிய ஒரு மணல் பருக்கை, பிளேடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்துவிடும். கருநீலத்தில் அந்தக் கோடு வெள்ளையாக விழும்.

இப்போது சூடு. எல்லாரும் உடனே கையில் எடுப்பது ஹீட் கன். அதன் வாயில் வரும் காற்று 500 டிகிரி செல்சியஸ்கூடத் தொடும். பாலியஸ்டர் ரெசினோ, ரகத்தைப் பொறுத்து 60 முதல் 80 டிகிரி வாக்கிலேயே இறுக்கம் தளரத் தொடங்கிவிடும். அங்கிருந்து கொஞ்சம் தாண்டினால் ஜெல்கோட் மஞ்சளாகும், கொப்புளம் கட்டும், அடியில் உள்ள நார்ப் பாயின் நெளிவு வெளியே தெரிய ஆரம்பிக்கும். இது எதற்கும் திரும்பி வரும் வழி சுலபமாக இல்லை. எனக்கு வீட்டு ஹேர் டிரையரே போதுமாக இருந்தது. ஸ்டிக்கர் பசைக்குத் தேவை ஏறத்தாழ 50 டிகிரிதான். உள்ளங்கையை வைத்தால் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் இரண்டு மூன்று விநாடி வைத்திருக்க முடிய வேண்டும். அதுதான் அளவு. கரும்நிறப் படகு நல்ல வெயிலில் நின்றால் அந்தச் சூட்டுக்குத் தானாகவே வந்துவிடும். அதன்மேல் டிரையரும் பிடித்தால் எல்லை தாண்டிவிடும். அதனால் நான் நிழல் பட்ட பக்கத்தில் வேலை செய்துவிட்டு, வெயில் திரும்பியபின் அடுத்த பக்கம் போனேன்.

வினைலோடு சேர்ந்து பசையும் வர வேண்டும், இதுதான் என் ஒரே குறி. வினைல் மட்டும் வந்து பசை படகில் தங்கிவிட்டால் வேலை இரண்டு மடங்கு. பசை யார் பக்கம் சாயும் என்பதைச் சூடு, உரிக்கும் வேகம், கோணம் மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஒரு மூலையைப் பிளாஸ்டிக் பிளேடால் கிளப்பி, நிமிர்த்தி இழுக்காமல், வந்த திசையிலேயே மடித்து, கிட்டத்தட்ட படகின்மேல் படிந்தபடி மெதுவாக இழுக்க வேண்டும். கண் இருக்க வேண்டிய இடம் கையில் இல்லை, உரியும் விளிம்பில். அங்கே வினைலுக்கும் ஜெல்கோட்டுக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு வெள்ளை நூல்கள் ஒரு வரிசையாக நீண்டு நீண்டு அறுபடும். அவை குட்டையாக, ஒரே சீராக அறுபட்டால் சூடு சரி. நீளமாக இழுபட்டுப் படகின்மேல் படிந்தால் சூடு கூடிவிட்டது. கொஞ்சம் ஆறவிட வேண்டும். நூலே தெரியாமல் ‘டப் டப்’பென்று விட்டு விட்டு வந்தால் குளிர்ந்துவிட்டது; அடுத்த இழுப்பில் வினைல் கிழியும். இது பிடிபட்டபின் வேலை ஓடத் தொடங்கியது.

கோடுகள் நாடாவாக வந்தன. ஒரே இழுப்பில் முழங்கை நீளம், சில இடங்களில் அதற்கும் மேல். எழுத்துகள் அப்படி இல்லை. காரணம் வினைலின் ரகம். வார்ப்பு வினைல் என்று ஒன்று, திரவமாக ஊற்றிக் காயவைப்பது. மெல்லியது, 50 மைக்ரான் பக்கம், வருடக்கணக்கில் வளைந்து கொடுக்கும். உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தகடாக்குவது இன்னொன்று. விலை குறைவு, கனம் கூட. வினைல் என்பது பிவிசிதான், இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளைய வைப்பது அதில் கலக்கும் இளக்கிதான். வெயிலில் அந்த இளக்கி வெளியேறிவிட்டால் மிச்சமிருப்பது ஒடியும் ஓடு. கோடு போட்டவர் நல்ல வினைல் வாங்கியிருக்கிறார். பெயர் எழுதியவர் மலிவாக முடித்திருக்கிறார். கைநகம் அளவுத் துண்டுகளாக உதிர்ந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் சூடு, பிளேடு, சூடு, பிளேடு. பொறுமையைச் சோதிக்கிற வேலை.

பிளேடு விஷயத்தில் ஒரு வார்த்தை. பார்க்க வந்த ஒருவர் ஷேவிங் பிளேடில் நொடியில் எடுத்துவிடலாம் என்றார். கண்ணாடியில் சரி. படகின் பக்கவாட்டில் தட்டையான இடம் என்று நம் கண்ணுக்குத் தெரிவது உண்மையில் எல்லாத் திசையிலும் லேசாக வளைந்தது. இரும்பு பிளேடு அதற்கேற்ப வளையாது; உட்குழிந்த இடத்தில் அதன் நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும், இரண்டு முனையும் ஜெல்கோட்டுக்குள் இறங்கும். பிளாஸ்டிக் பிளேடு மொண்ணையாகிக்கொண்டே இருக்கும், உண்மைதான். அதன் நல்ல குணமே அதுதான். படகைவிட அது முதலில் தேய்கிறது. முனை மழுங்கியதும் திருப்பிப் போட்டேன், இரண்டு பக்கமும் போனால் புதுசு.

எழுத்துகளின் கடைசி மிச்சத்துக்கு டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம். அழிரப்பர் மாதிரியான பொருளால் ஆனது, வினைலையும் பசையையும் சேர்த்து உருட்டித் தூளாக்கித் தள்ளும். சக்கரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை மீறக் கூடாது. நான் அதற்கு வெகு கீழே, நிமிடத்துக்கு 1500 சுற்று வாக்கில் ஓட்டினேன். ஒரே இடத்தில் நிறுத்தினால் உராய்வுச் சூடு ஏறும், ரப்பர் உருகிப் பழுப்பாகத் தீற்றும். ஒரு தடவை ஓட்டி, கையை வைத்துப் பார்த்து, பக்கத்து எழுத்துக்குப் போய், ஆறியபின் திரும்பி வருவதுதான் முறை. தூள் நாலாபக்கமும் தெறிக்கும், கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். பெயின்ட் அடித்த படகாக இருந்திருந்தால் இந்தச் சக்கரத்தை எடுத்தே இருக்க மாட்டேன்.

சமையலறை ஓவன் கழுவும் ஸ்பிரேயை அடித்தால் எழுத்து வழிந்துவிடும் என்று ஒரு பிரபலமான குறுக்குவழி உண்டு. அதில் பொதுவாக இருப்பது காஸ்டிக் சோடா. தூரிகையால் எழுதிய பழைய பெயின்ட் எழுத்துகளை அது கிளப்பும் என்பது உண்மை. ஆனால் வழிந்து போகும் பாதையில் உள்ள அலுமினியம் எதுவானாலும் அரிக்கும், பெயின்ட்டை மங்கவைக்கும், கண்ணில் பட்டால் பேராபத்து. என் படகில் ரப்பர் பட்டையின் உள்சட்டமே அலுமினியம். வேண்டாம் என்று விட்டேன்.

வினைல் போனபின் அங்கங்கே பசை. இதற்கு மென்மையான திரவத்திலிருந்து தொடங்கிக் கடினமானதற்குப் போவதுதான் என் வழக்கம். வெறும் சோப்பு எதுவும் செய்யவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மெல்லிய படலத்தை எடுத்தது, தடித்ததை அசைக்கவில்லை. மினரல் டர்பன்டைன்தான் வேலை செய்தது, அதுவும் தேய்த்ததால் இல்லை, ஊறியதால். டிஷ்யூ தாளை அதில் நனைத்துப் பசையின்மேல் ஒட்டி, மேலே சமையலறையில் சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினேன், ஆவியாகாமல் இருக்க. கால் மணி நேரம் கழித்துத் தாளை எடுத்தால் பசை வெளுத்து உப்பியிருக்கும். பிளாஸ்டிக் பிளேடை லேசாகத் தள்ளினால் திரி திரியாக உருண்டு வரும். துடைக்கும் துணியை ஒவ்வொரு துடைப்புக்கும் மடித்துச் சுத்தமான பக்கம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பசை போகாது, பரவும்.

அசிட்டோனை நிறையப் பேர் முதல் ஆயுதமாக எடுக்கிறார்கள். ஜெல்கோட் நன்றாக இறுகியிருந்தால் ஒரு வேகமான துடைப்பைத் தாங்கும். ஆனால் பசையை ஊறவைக்கும் முன்பே அசிட்டோன் பறந்துவிடும். பறக்காமல் நனைத்த துணியை வைத்தால் ஜெல்கோட்டின் மேற்பரப்பே இளகும். இரண்டு வகையிலும் இந்த வேலைக்குப் பொருத்தமில்லை. அக்ரிலிக், பாலிகார்பனேட் காற்றுத் தடுப்புகளின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது, உள்ளுக்குள் மயிரிழை வெடிப்பாக ஓடிவிடும். டைகுளோரோமீத்தேன் கலந்த பெயின்ட் ரிமூவர் இன்னும் மோசம். அது பெயின்ட் எது, ஜெல்கோட் எது என்று பார்க்காது. எதை எடுத்தாலும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சூடும் கரைப்பானும் ஒரே நேரத்தில் கூடவே கூடாது. அசிட்டோனின் ஆவி உறைபனிக் குளிரிலேயே தீப்பிடிக்கக்கூடியது. டிரையர் வேலை முழுவதும் முடிந்து, அதைப் பிளக்கிலிருந்து கழற்றி உள்ளே வைத்தபின்தான் பாட்டில் மூடியைத் திறந்தேன். கையுறையிலும் கவனம்: நைட்ரைல் டர்பன்டைனுக்குத் தாங்கும், அசிட்டோனில் சீக்கிரம் இளகிவிடும்.

பசை போய்விட்டதா என்பதைக் கண் சொல்லாது, விரல் சொல்லும். கழுவிக் காயவைத்து விரல்நுனியை இழுத்தால் வழுக்க வேண்டும். எங்கே பிடிக்கிறதோ அங்கே மிச்சம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பழைய பெயர் அப்படியே தெரிந்தது! வினைல் இல்லை, பசை இல்லை, ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்க முடிந்தது. எதிர்பார்த்ததுதான். வருடக்கணக்காகக் கைக்கடிகாரம் கட்டியவர் அதைக் கழற்றினால் மணிக்கட்டில் தெரியும் தடம்தான் இது. எழுத்துக்கு அடியில் வெயில் படாத ஜெல்கோட் ஆழ்ந்த நீலமாக இருக்கிறது. சுற்றிலும் வெயில் தின்று சுண்ணாம்பு பூத்திருக்கிறது. நிறையப் பேர் இதை ஸ்டிக்கர் விட்ட கறை என்று நினைத்து எழுத்து இருந்த இடத்தைப் போட்டுத் தேய்க்கிறார்கள். அங்கே ஒரு குறையும் இல்லை. வேலை இருப்பது அதைச் சுற்றியுள்ள இடத்தில்.

எவ்வளவு வேலை என்று கணிக்க எளிய வழி, தண்ணீர் தெளித்துப் பார்ப்பது. நனைந்ததும் தடம் மறைந்தால், வெளுப்பு மேலோட்டமான சுண்ணாம்புப் படலம், மெருகேற்றினால் போய்விடும். நனைந்தும் தெரிந்தால் நிறமியே வெளிறிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் ஓரளவுக்குத்தான். என் படகில் பெரும்பகுதி மறைந்தது. அணியம் (படகின் முன்முனை) பக்கம், வெயில் அதிகம் வாங்கும் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் மங்கலாக நின்றன.

இதில் இன்னொரு தடமும் கலந்திருந்தது. எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு: கசிந்த பசையில் வருடக்கணக்கில் படிந்த அழுக்கும் பாசியும். அதற்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த படகுக் கிளீனர் போதுமானது. தடவி, சில நிமிடம் விட்டு, காய்வதற்குள் நிறையத் தண்ணீரில் கழுவினேன். அதைப் போக்கியபின் கோட்டின் ஒரு முனையில் கத்திக் கீறல் ஒன்று வெளிப்பட்டது. ஒட்டியவர் வினைலைப் படகின்மேலேயே வைத்து வெட்டியிருக்கிறார். நகம் மாட்டும் அளவு ஆழம். அதைத் தேய்த்து எடுக்க முனையவில்லை; அதே நிற ஜெல்கோட் பேஸ்ட்டால் பின்னொரு நாள் நிரப்பிக்கொள்ளலாம்.

மெருகு வேலையில் என் கொள்கை, ஜெல்கோட் ஒருமுறைதான் கொடுக்கப்பட்டது என்பது. அரை மி.மீ. கனம் என்று சொன்னாலும் மூலைகளிலும் முனைகளிலும் அதைவிட மெலிந்திருக்கும், முந்தையவர் எவ்வளவு தேய்த்தார் என்பதும் தெரியாது. அதனால் முதலில் காம்பவுண்ட் மட்டும், கம்பளிப் பேடில், பஃபிங் மெஷினைக் குறைந்த வேகத்தில் வைத்து. ஒரு பக்கம் அதிலேயே தடம் முக்கால்வாசி போயிற்று. மறுபக்கத்துக்கு வாட்டர் பேப்பர் தேவைப்பட்டது. 1000 எண் தாளைச் சோப்பு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றி, பெயர் இருந்த இடத்தையும் அதைச் சுற்றி ஒரு கை அகலத்தையும் சேர்த்துத் தேய்த்தேன். தொடங்கும் முன் அந்தப் பரப்பு முழுக்கப் பென்சிலில் கிறுக்கிவிட்டால், கிறுக்கல் மறையும்போது சீராகத் தேய்ந்திருக்கிறது என்று தெரியும். அடுத்து 1500, பிறகு 2000. ஒவ்வொரு எண்ணுக்கும் திசையைக் குறுக்காக மாற்றினால் முந்தைய தாளின் கோடுகள் போய்விட்டனவா என்று கண்டுபிடிக்கலாம். விளிம்புகளுக்கு முன்கூட்டியே மாஸ்கிங் டேப்.

அந்தக் கட்டத்தில் படகைப் பார்த்தால் வயிறு கலங்கும். கருநீலம் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கும். காம்பவுண்ட் ஓட்டியதும் நிறம் உள்ளிருந்து மேலேறி வரும். கடைசியாக நுரைப் பேடில் மென்மையான பாலிஷ், கம்பளி விட்ட சுழல் கீற்றுகளை எடுக்க. கரும்நிறத்தில் இந்தப் படியை விட்டால் வெயிலில் சிலந்தி வலையாகத் தெரியும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்து முடித்தேன்.

அணியத்துப் பக்க இரண்டு எழுத்துகளின் சாயல் இன்னும் இருக்கிறது. வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் கண்ணுக்குப் படும். இன்னும் தேய்த்தால் போகலாம், ஜெல்கோட்டும் கூடவே போகலாம். அதனால் நிறுத்திக்கொண்டேன். முதலில் எடுத்து வைத்த ட்ரேசிங் தாள் இங்கேதான் கைகொடுத்தது: புதுப் பெயரின் எழுத்துரு தடித்ததாகவும், இடம் பழைய தடத்தை மூடும்படியும் அளவு கொடுத்தேன். பெயின்ட் அடித்த படகுக்காரர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் வழி. அவர்கள் வாட்டர் பேப்பர் பக்கம் போகாமல், மிக மென்மையான பாலிஷை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மீதித் தடத்தைப் புது ஸ்டிக்கரால் மூடுவது நல்லது.

புது எழுத்துகளுக்கு வார்ப்பு வினைல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். மூலைகளைக் கூராக விடாமல் லேசாக உருட்டி வெட்டச் சொன்னேன், ஏனென்றால் வினைல் கிளம்பத் தொடங்குவது பெரும்பாலும் கூர்முனையில்தான். ஒட்டும் இடத்தில் வாக்ஸ் இருக்கக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு இருமுறை துடைத்து, ஆறவிட்டு, இரண்டு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து அதன்மேல் எழுத்துகளை மிதக்கவிட்டேன். நகர்த்தி இடம் பார்த்தபின் நடுவிலிருந்து ஓரமாகத் தண்ணீரை வழித்தேன். எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மேல்தாளை உடனே உரித்தால் எழுத்தும் கூடவே கிளம்பும், நன்றாகப் பிடித்தபின்தான் எடுக்க வேண்டும். இரட்டைக் கோட்டை மறுபடி ஒட்டவில்லை. அது இல்லாமலே படகு நன்றாக இருக்கிறது, மேலும் அடுத்த தடவை உரிக்கப் போவதும் நான்தானே.

மறுநாள்வரை நனையாமல் வைத்திருந்துவிட்டு மீதி உடம்பு முழுக்க வாக்ஸ் போட்டேன், எழுத்துகளின் ஓரத்தைத் தொடாமல். அந்த ஓரத்தில் வாக்ஸ் தேங்கினால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். ஓரிரு இடத்தில் அப்படித் தேங்கியது. பழைய டூத் பிரஷ்ஷால் ஈரமாகத் தட்டி எடுத்துவிட்டேன்.